தோலின் மேற்பரப்பும் எக்ஸ்-கதிரும்

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றங்கரையோரமாகச் செல்பவர்கள், இப்பகுதி எத்தொழிலால் வாழ்கிறது என்று எவரையும் கேட்க வேண்டுவதில்லை, காற்றே சொல்லிவிடும். ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் இங்கே பதனிடப்பெற்று, காலணிகளாகிக் கடல் கடக்கின்றன. மாணவ நேயர்களே, அத்தகைய காலணியில் நம் பாதத்தைத் தொடுகின்ற மேற்பரப்பில் என்ன பொருள் இருக்கிறது என்பதை அறியும் வழியொன்றை இன்று காண்போம்.

தோலின் பெரும்பகுதி கொல்லஜன் என்னும் புரதம். மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட கயிறு போன்றது அது. இவ்வமைப்பை எக்ஸ்-கதிர்ச் சிதறலின் துணைகொண்டு 1954, 1955 ஆம் ஆண்டுகளில் விளக்கியவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவுமாவர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு நம் முன்னோர் இக்கயிறுகளைப் பிணைத்து, தோல் அழுகாமற் காத்தனர். அதற்குப் பல நாட்கள் வேண்டும். குரோமிய உப்போ அவ்வேலையை விரைவில் முடித்துவிடும். ஆகவே தொழிற்சாலைகள் அதனைப் பெரிதும் ஏற்றுக்கொண்டன.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. மூன்று எலெக்ட்ரான்களை இழந்த குரோமியமே தோலைப் பிணைப்பது. அது பெருந்தீங்கு செய்வதன்று. ஆறு எலெக்ட்ரான்களை இழந்த குரோமியமோ தோலில் ஒவ்வாமைப் புண்ணை உண்டாக்கும்; அதன் தூசி மூச்சில் கலந்தால் நுரையீரலில் புற்றுநோயும் விளையும். இராணிப்பேட்டையில், மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலையொன்றின் கழிவுக் குவியலிலிருந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது இவ்வகையே. ஆகவே தோலில் குரோமியம் எவ்வளவு என்று கேட்பது போதாது. எந்நிலையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

அதைக் கூறவல்லது எக்ஸ்-கதிர் ஒளி-எலெக்ட்ரான் நிறமாலையியல். சுவீடன் நாட்டு உப்சாலாவில் இதனை உருவாக்கிய கை சீக்பான் 1981-இல் நோபெல் பரிசு பெற்றார். அவருடைய தந்தை மானே சீக்பானும் எக்ஸ்-கதிர் நிறமாலை ஆய்வுக்காக 1924-ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றவர். தந்தையும் மகனும் ஒரே துறையை இவ்வாறு உழுதது அரிய செய்தியே.

முறை எளியது. உலர்ந்த தோல் துணுக்கை வெற்றிடத்தில் வைத்து, அலுமினியத்திலிருந்து எழும் 1486.6 எலெக்ட்ரான்-வோல்ட் ஆற்றலுடைய எக்ஸ்-கதிரை அதன்மீது செலுத்துவர். கதிர் ஓர் எலெக்ட்ரானை அணுவிலிருந்து வெளியேற்றும். அந்த எலெக்ட்ரான் கொண்டுசெல்லும் ஆற்றலைக் கதிரின் ஆற்றலிலிருந்து கழித்தால், அணு அதை எவ்வளவு இறுகப் பற்றியிருந்தது என்பது தெரியும். மூன்றாம் நிலைக் குரோமியத்தில் அந்தப் பிடிப்பு ஏறத்தாழ 577. ஆறாம் நிலையிலோ 579 அல்லது 580. பல எலெக்ட்ரான்களை இழந்த அணு, எஞ்சியவற்றை இன்னும் இறுகப் பற்றுகிறது! எக்ஸ்-கதிர் ஆழமாகவே புகும். எனினும் ஆற்றல் குறையாமல் வெளிவரும் எலெக்ட்ரான்கள் மேலேயுள்ள 10 நானோமீட்டருக்குள் பிறந்தவையே. அதனால்தான் இது மேற்பரப்பின் செய்தியாகிறது.

இக்கருவியை அளவுக்கு மீறிப் புகழவும் கூடாது. ஆயிரத்தில் ஓரணுவுக்கும் குறைவாக உள்ளதை இது காண்பது அரிது. ஐரோப்பிய நாடுகள் 2015 முதல் விதித்துள்ள வரம்போ, கிலோகிராம் தோலுக்கு 3 மில்லிகிராம் ஆறாம் நிலைக் குரோமியம். அதனை அளக்க, தோலை ஊறவைத்து எடுத்த நீரில் செவ்வூதா நிறம் தோன்றுகிறதா என்று பார்க்கும் இரசாயனச் சோதனையே உதவுகிறது. மேலும், எக்ஸ்-கதிர் நெடுநேரம் படுமாயின் ஆறாம் நிலைக் குரோமியம் தானே மூன்றாம் நிலைக்கு இறங்கக்கூடும். சோதிப்பவன் விரைந்து பார்க்க வேண்டும்.

நல்ல முறையில் பதனிட்ட தோலிலும் வெப்பத்தாலும் ஒளியாலும், மென்மைக்காகச் சேர்க்கும் சில எண்ணெய்களாலும் மூன்றாம் நிலை ஆறாம் நிலையாக மாறக்கூடும். அதைத் தடுக்க, குரோமியத்தால் பதனிட்ட தோலைத் தாவரத் துவர்ப்புச் சத்தில் மறுமுறை பதனிடுவதுண்டு. மரப்பட்டையிலும் காய்களிலும் உள்ள அத்துவர்ப்பு, ஆக்சிஜன் தோலைத் தாக்குமுன் தானே அதனை ஏற்றுக்கொண்டுவிடுகிறது.