ரங்கத்தில் சமைத்த கை

மத்திய அந்தமானிலுள்ள இந்த ரங்கத்துக்கு மாற்றலாகி வந்த என் அகத்துக்காரர் நாலு வருஷம் தனியாக இருந்தார். நான் ஊரில் மாமியாரைப் பார்த்துக்கொண்டேன். கப்பல் தாமதித்துக் காய்கறி வராத நாளிலும் இவர் அப்பளத்தைப் போட்டே வற்றக்குழம்பு வைத்துவிடுவாராம். (அதன் ருசியை நான் கேள்விப்பட்டதோடு சரி!) லீவில் ஆத்துக்கு வந்தால், குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்கமாட்டார்.

கேட்டால், சம்பிரதாயம் என்பார்கள். நளபாகம், பீமபாகம் என்கிறோமே, அந்த இருவரும் ஆண்கள்தானே? ஸ்ரீரங்கம் மடைப்பள்ளியில் தளிகை பண்ணுவதும், கல்யாணத்தில் கரண்டி பிடிப்பதும் ஆண்களே. சம்பளமில்லாத, தினப்படி சமையல்தான் நமக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள்.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் பெண்களுக்கு நாளொன்றுக்கு 289 நிமிஷம் போகிறது, ஆண்களுக்கு 88. அதுவும் வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி!

அவருக்கு 60 வயதில் ரிடையர்மென்ட். எனக்கு எப்போது?

தனியாக இருக்கும் இவ்வூர் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த லீவில் காலைக் காபி உங்கள் கையால் ஆகட்டும். டிகாக்‌ஷன் இறங்க நேரமாகும். நாலரைக்கே எழுந்திருக்க வேண்டும்.