மூக்கை நம்ப வேண்டாம்



சாக்கடைக் குழியில் எழும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல நாறும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கை எட்டினால் மூக்கே மரத்துவிடும். "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைப்பதுதான் எமன்.

நாங்கள் செய்யும் உணரி டின் ஆக்ஸைடு. சூடான துகள்மேல் ஒட்டிய ஆக்ஸிஜன் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்திருக்கும்; வாயு அந்த ஆக்ஸிஜனைத் தின்றதும் அவை விடுபட்டு மின்தடை சரியும். துகள் சுமார் 6 நானோமீட்டருக்குச் சிறுத்தால் உணர்திறன் எகிறும் என 1991-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

எங்க கருவி ஆய்வகத்தில் பிரமாதம். குழியின் ஈரக்காற்றில் தடுமாறுது. "விற்றுவிடலாமே" என்றார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தும் இறக்குகிறார்களே! ஈரத்துக்கு வழி தெரிந்த வேதியியல் துறை நண்பர்கள் சாப்பாட்டு வேளையில் என்னைப் பிடிங்க.