குரோமோசோம் புரதங்களும் உயிரணுவின் வளர்ச்சியும்



நம் தோலின் உயிரணுவிலும் கல்லீரலின் உயிரணுவிலும் அடங்கியுள்ள மரபணுக்கள் ஒன்றே. இரண்டும் ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்து வந்தவை. அவ்வாறாயின், ஒன்று தோலாகவும் மற்றொன்று கல்லீரலாகவும் ஆனது எங்ஙனம்? இதனையே நாம் இன்று ஆராயப் புகுகின்றோம்.

கரு வளருங்கால் உயிரணுக்கள் தமக்கு வேண்டாத மரபுக் கூறுகளை இழந்துவிடுகின்றன என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் வைஸ்மன் கருதினார். அது மெய்யாயின், ஒருமுறை குடலாக ஆன உயிரணு என்றென்றும் குடலே. அதற்கு மீட்சி இல்லை. இங்கிலாந்தின் ஜான் கர்டன் இதனைச் சோதித்தார். ஆப்பிரிக்கத் தவளையின் முட்டையிலிருந்த உட்கருவைப் புறஊதாக் கதிரால் அழித்து, தலைப்பிரட்டையின் குடல் உயிரணுவிலிருந்து எடுத்த உட்கருவை அங்கே வைத்தார். பல முட்டைகள் வீணாயின. ஆயினும் சிலவற்றிலிருந்து நீந்தும் தலைப்பிரட்டைகள் தோன்றின என்று 1962இல் அறிவித்தார். குடல் உயிரணு எதையும் இழக்கவில்லை, மூடியே வைத்திருந்தது! இவர் விஞ்ஞானியாக எண்ணுவது நகைப்பிற்குரியது என்று பள்ளி ஆசிரியர் ஒருவர் 1949இல் எழுதியிருந்தார் என்பதை நம் மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று.

மூடி வைப்பவற்றுள் முதன்மையானவை ஹிஸ்டோன் என்னும் புரதங்கள். 1884இல் கோசல் இவற்றைக் கண்டறிந்தார். எட்டு ஹிஸ்டோன் மூலக்கூறுகள் சேர்ந்த கட்டையின்மீது, நூல் சுற்றினாற்போல, டி.என்.ஏ. இழை சுற்றிக் கிடக்கிறது. இவ்வமைப்பை 1974இல் கோர்ன்பெர்க் விளக்கினார். ஹிஸ்டோன் நேர்மின்னேற்றமும் இழை எதிர்மின்னேற்றமும் உடையவை. ஆதலின் பிடி இறுகும். ஹிஸ்டோனில் அசிட்டைல் தொகுதி ஒட்டினால் நேர்மின்னேற்றம் குறைந்து பிடி தளரும்.

இத்தளர்வு கற்பனையன்று. 1976இல் வெய்ண்ட்ராப், கிரௌடின் இருவரும் கோழிக் கருவின் உயிரணுக்களிலிருந்து உட்கருக்களைப் பிரித்து, இழையை அறுக்கும் நொதியை அவற்றில் சேர்த்தனர். (பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, நம்முடைய முதிர்ந்த சிவப்பணுவில் இல்லை.) சிவப்பணுவில் குளோபின் மரபணு விரைந்து அறுபட்டது. நாரிழை உயிரணுவிலோ அதே மரபணு அவ்வாறு அறுபடவில்லை. இரத்தத்திற்கு வேண்டியது இரத்தத்தில் மட்டுமே திறந்திருந்தது.

எதைத் திறப்பது என்று தெரிந்தெடுப்பது யார்? ஹிஸ்டோன் தனித்து அதனைச் செய்ய இயலாது. பட்டாணியின் ஹிஸ்டோன் ஒன்றையும் கன்றுக்குட்டியின் அதே வகை ஹிஸ்டோனையும் ஒப்பிட்டபோது, 102 அமினோ அமிலங்களில் இரண்டே மாறுபட்டன. எங்கும் ஒன்றாய் இருப்பது ஒன்றைவிட்டு ஒன்றைத் தேர்வது எப்படி? குறிப்பிட்ட இடத்தை அறிந்து பற்றும் வேறு புரதங்களே அப்பணியைச் செய்கின்றன. 1987இல் வெய்ண்ட்ராப் குழுவினர் 'மையோ-டி' என்னும் ஒரே புரதத்தின் மரபணுவைச் செலுத்தி, எலியின் நாரிழை உயிரணுக்களைத் தசையாகும் வழியில் திருப்பினர். 2006இல் ஜப்பானின் யமனாக்கா, தகஹாஷி இருவரும் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, வளர்ந்த எலியின் நாரிழை உயிரணுவையே கருநிலை போன்ற தொடக்கத்திற்குத் திருப்பினர். 2012ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசை யமனாக்காவும், ஐம்பதாண்டுகட்கு முன் தவளையில் தொடங்கிய கர்டனும் பகிர்ந்துகொண்டனர்.