நின்றுபோன குவார்ட்ஸ் வாட்ச்

குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைப் பழுதுபார்ப்பது ஒரு கலையா என்று கேட்டால் கடிகாரப் பிரியர்களே உதட்டைப் பிதுக்குவார்கள். சாவி கொடுக்கும் பழைய கடிகாரத்தைப் பிரித்துக் கோப்பதுதான் வித்தை. குவார்ட்ஸ் நின்றால் செல்லை மாற்று, அப்படியும் ஓடாவிட்டால் மெஷினையே மாற்று என்பது அவர்கள் கட்சி. நான் எதிர்க்கட்சி. வீட்டு மேசையில் பழக வருபவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. கையைக் காட்டிலும் யோசனைக்கு வேலை வைக்கிற பழுது இது.

உள்ளே நடப்பது என்ன? செல்லின் மின்சாரத்தில் ஒரு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதைச் சிப் 15 தடவை பாதி பாதியாகக் குறைத்தால் நொடிக்கு ஒரு துடிப்பு மிஞ்சும். அந்தத் துடிப்பு காயிலுக்குப் போய்க் குட்டிக் காந்தம் ஒன்றை அரைச்சுற்று திருப்ப, பற்சக்கரங்கள் முள்ளை நகர்த்துகின்றன. 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ டோக்கியோவில் விற்பனைக்கு வைத்த ஆஸ்ட்ரான் குவார்ட்ஸ் வாட்சில் அதிர்வு 8,192தான். விலையோ 4,50,000 யென்! விலை தலைகீழாகிவிட்டது, செல்லில் தொடங்கி முள்ளில் முடியும் இந்தச் சங்கிலி மாறவில்லை. கண்ணிகள் ஐந்தாறுதான் என்பதால் பழுது எங்கே என்று வாட்சே சொல்லிவிடும். நொடிமுள் சில நொடிகளுக்கு ஒருமுறை தாவித் தாவிப் போனால், பல மாடல்களில் செல் தீரப்போகிறது என்று பொருள். இருந்த இடத்திலேயே துடித்தால் காயில் உயிரோடுதான் இருக்கிறது. செல் சோர்ந்திருக்கலாம், பற்சக்கரத்தில் தூசி சிக்கியிருக்கலாம், கீழே விழுந்த வாட்ச் என்றால் ஒரு முள் இன்னொன்றில் உரசலாம். அசைவே இல்லையா? மல்டிமீட்டரை எடுங்கள். புதிய சில்வர் ஆக்சைடு செல் சுமார் 1.55 வோல்ட் காட்டும். காயில் வழக்கமாக ஓரிரு ஆயிரம் ஓம் காட்டும். மீட்டர் அசையவே இல்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. இதற்கெல்லாம் முன்னால், நேரம் திருத்தும் பக்கவாட்டுச் சாவி உள்ளே அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வெளியே இழுத்துவிட்ட சாவியால் 'செத்துப்போன' வாட்சுகள் கொஞ்சநஞ்சமல்ல.

புதியவர் கைபட்டால் இருப்பதும் கெடும் என்பார்கள். நியாயமான பயம்தான். காயில் கம்பி தலைமுடியைவிட மெல்லியது, ஸ்க்ரூடிரைவர் ஒருமுறை வழுக்கினால் கதை முடிந்தது. உலோக இடுக்கியால் செல்லின் இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தால் அது ஷார்ட் ஆகும்; பிளாஸ்டிக் இடுக்கி வேண்டும். பின்மூடியைத் திறந்து மூடிய பிறகு, ரப்பர் வளையம் முன்போலத் தண்ணீரைத் தடுக்கும் என்று நம்பவும் கூடாது. அதனால் நீச்சலுக்குக் கட்டும் வாட்சைச் சோதனைக் கருவி உள்ள கடையிடம் விட்டுவிட்டு, போனால் போகட்டும் என்கிற வாட்சில் பழகுவதுதான் முறை. மெஷினை மாற்றுவது பழுதுபார்த்தலே ஆகாது என்ற ஏளனம் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. மலிவாகக் கிடைக்கும் மியோட்டா 2035 மெஷினை வாங்குவது எளிது. ஆனால் அதைப் பொருத்த, டயலில் கீறல் விழாமல் முட்களைக் கழற்ற வேண்டும், சாவித்தண்டை வளைக்காமல் உருவ வேண்டும், மறுபடி மூன்று முட்களையும் ஒன்றையொன்று தொடாமல் 12க்கு நேராக அமர்த்த வேண்டும். கை தேறுவது அங்கேதான்.

கடைசியாக, கடைக்காரர் பத்து நிமிடத்தில் முடிப்பதற்கு இத்தனை பாடா என்ற கேள்வி. செல் மாற்ற மட்டும் என்றால் கடைக்கே போங்கள். ஆனால் காயில் போன ஒரு பழைய வாட்சைக் கடையில் கொடுத்தால், "புதுசே வாங்கிடுங்க" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அதைக் குறை சொல்ல முடியாது, அவருடைய ஒரு மணி நேரக் கூலி வாட்சின் விலையைத் தாண்டிவிடும். டாடாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்சுகளை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. அவற்றில் எத்தனையோ இன்று மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. பழுதுபார்க்க முடியாதவை என்று அவற்றுக்கு முத்திரை குத்தியது பொறியியல் அல்ல, கூலிக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சொந்த மேசையில் உட்காருபவருக்கு அந்தக் கணக்கு செல்லாது.