தோப்புக்குள்ள ஒரு குட்டி வீடு: வாடகை யார் கைக்கு வரணும்?

(ஆனைமலை ஒன்றிய விவசாயிகள் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசாப் படிங்க, தோப்பு வச்சிருக்கிற சொந்தபந்தங்களுக்கும் அனுப்புங்க.)



தேங்காய் விலையைப் பத்தி எனக்கு முன்னால பேசினவங்களே பேசிட்டாங்க. நான் அதுக்குள்ள போகலை. 2016-ல் சுருள் வெள்ளை ஈயை இந்த நாட்டுலேயே முதன்முதலா கண்டது நம்ம பொள்ளாச்சிப் பக்கம்தான். அன்னையிலிருந்து ஓலை கருக்குது, காய்ப்பு குறையுது, போதாததுக்கு வாடல் நோய். தோப்பை மட்டும் நம்பி ரெண்டு பிள்ளைங்களைக் கல்லூரிக்கு அனுப்ப முடியலைங்கிறது இங்க இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனாலதான் ஒரு பேச்சு ஊர் ஊரா சுத்துது: தோப்புக்குள்ள சின்னதா ஒரு வீடு போடு, சனி ஞாயிறுக்கு வாடகைக்கு விடு, கோயம்புத்தூர்க்காரங்க வருவாங்க, பெங்களூர்க்காரங்க வருவாங்க.

யோசனை நல்ல யோசனைதான். ஆனா அந்த வீட்டை யார் கட்டுறது, யார் நடத்துறதுங்கிறதுலதான் விஷயமே இருக்குது.

இப்ப என்ன நடக்குதுன்னு பாருங்க. வெளியூர்ல இருந்து கார்ல வர்றாங்க. "நீங்க நிலத்தை மட்டும் கொடுங்க, 15 வருஷக் குத்தகை, இருபது குட்டி வீடு நாங்களே இறக்குறோம்"னு சொல்றாங்க. முன்பணத்தைப் பார்த்ததும் கை நீளுது. அப்புறம்? கேட்டுல காவல் நிக்கிறது நிலத்துக்காரரே. அவர் வீட்டு அம்மா அங்க பாத்திரம் தேய்க்கப் போறாங்க. கழிவுத் தண்ணி பக்கத்துத் தோட்டத்துக் கிணத்துல இறங்குது. குத்தகை முடியும்போது அந்த மண்ணுல சிமெண்ட் தளம்தான் மிஞ்சும். இது வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன்.

மத்திய சுற்றுலாத் துறையோட இல்லத் தங்கல் திட்டம் ஒண்ணு இருக்குது. குறைஞ்சது ஒரு அறை, அதிகபட்சம் ஆறு அறை, அதுவும் உரிமையாளர் குடும்பம் அதே இடத்துல குடியிருக்கணும். அதாவது குடியிருக்கிறவங்க விருந்தாளியை வச்சுக்கிறதுதான் கணக்கு, ரிசார்ட் கிடையாது. நம்ம ஆளுங்க ஒரு அறையோட ஆரம்பிச்சாப் போதும்னு நான் நினைக்கிறேன். இருநூறு, இருநூத்தம்பது சதுர அடி. ஒரு கட்டில், ஒரு குளியலறை, முன்னால ஒரு திண்ணை. அந்தத் திண்ணைக்குத்தாங்க நகரத்துக்காரர் காசு கொடுக்கிறார்.

சக்கரம் வச்ச வீடு, கண்டெய்னர் வீடு விக்கிற சிலபேர், "இது வண்டிங்க, கட்டடம் இல்லை, எந்த அனுமதியும் வேண்டாம்"னு சொல்லிட்டு வர்றாங்க. நம்பாதீங்க. தண்ணிக் குழாய் இழுத்து, கழிவுநீர்த் தொட்டி கட்டி, மின்சாரம் கொடுத்து, ஆள் தங்க வச்சு வாடகை வாங்கினா அதிகாரி சக்கரத்தை எண்ணிப் பார்க்க மாட்டார். ஊராட்சியில கேளுங்க, எழுத்துல வாங்குங்க. நஞ்சை நிலம்னா கேள்வி மாவட்ட ஆட்சியர் வரைக்கும் போகும். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தோட பட்டியல்ல உங்க கிராமம் இருந்தா அது தனி அனுமதி. அட்வான்ஸ் கொடுத்துட்டுக் கேக்காதீங்க, கேட்டுட்டுக் கொடுங்க.

எங்க வைக்கிறதுங்கிறதும் முக்கியம். படத்துல அழகா இருக்கும்னு ரெண்டு தென்னைக்கு நடுவுல வச்சுடுவாங்க. நம்ம குழந்தைக்குத் தெரியும் எந்த மரத்தடியில நிக்கக் கூடாதுன்னு. பெங்களூர்க் குழந்தைக்குத் தெரியுமா? மட்டையும் காயும் விழாத இடமாப் பாருங்க, பக்கத்து மரங்கள்ல குலையை முன்கூட்டியே இறக்கிடுங்க. கூரைக்குக் கீத்து போட்டா குளுகுளுன்னு இருக்கும், ஒரு சிகரெட் நெருப்பு போதும் எல்லாம் போயிடும். ஓடு போடுங்க. திறந்த கிணத்துக்கும் பண்ணைக்குட்டைக்கும் வேலி போடாம ஒருத்தரையும் தங்க வைக்காதீங்க. ஆழியாத்துல எத்தனை வெளியூர்ப் பிள்ளைங்களை இழந்திருக்கோம்னு இங்க இருக்கிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பம்புசெட்டுக்குக் கொடுக்கிற இலவச மின்சாரத்துல ஒரு வயரை அந்த வீட்டுக்கு இழுத்துடலாம்னு சிலருக்கு நினைப்பு இருக்கும். பல வருஷம் போராடி வாங்கின உரிமைங்க அது. ஒருத்தர் செய்யிற தப்பு, "இலவசத்தை இவங்க துஷ்பிரயோகம் பண்றாங்க"ன்னு மொத்த விவசாயியையும் பேச வைக்கும். தனி இணைப்பு வாங்குங்க.

சரி, காசு கணக்குக்கு வருவோம். இங்கதான் பலபேர் கனவு காணுறாங்க. ஒரு ராத்திரிக்கு 2,000 ரூபாய்னு வச்சுக்குவோம். மாசத்துல முப்பது நாளும் ஆள் வராது, எட்டு ராத்திரின்னு வைங்க. 16,000 ரூபாய். இணையத் தளம் 15 சதவீதம் பிடிச்சா 2,400 போச்சு. ஒவ்வொரு தடவையும் துவைக்க, சுத்தம் பண்ண வர்ற அக்காவுக்கு 300 கொடுத்தா அதுவும் 2,400. அதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, உங்க வீட்டுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்கிறது அவங்கதான். கரண்டு, சோப்பு, சில்லறை ரிப்பேர் 1,500. மிச்சம் 9,700.

இப்ப 6 லட்சம் கடன் வாங்கிக் கட்டியிருந்தீங்கன்னா? 10 சதவீத வட்டியில ஏழு வருஷத்துக்கு மாசத் தவணை கிட்டத்தட்ட 9,960 ரூபாய். கையில இருந்து 260 ரூபாய் போட்டு ஊரான் தூங்க இடம் கொடுத்த கதைதான்! அதே வீட்டை 3 லட்சம் கடனுக்குள்ள முடிச்சா தவணை பாதி, மாசம் 4,700 சொச்சம் நிக்கும். பழைய தேங்காய்க் களத்து அறையை, கட்டுத்தரையை ஒட்டின ஓட்டு வீட்டைச் சரிபண்ணி விடுறதுக்குத்தான் என் ஓட்டு. சாப்பாட்டுல வர்றது தனி. உங்க வீட்டுச் சமையலை, அரிசியும் பருப்புஞ் சாதத்தையும் நெய்யையும் சும்மா கொடுத்துடாதீங்க, அதுக்கு விலை போடுங்க. பரீட்சை மாசங்கள்ல ஆள் குறையும், அதையும் கணக்குல வைங்க. 2025 பட்ஜெட்ல இல்லத் தங்கலுக்கு முத்ரா கடன் உண்டுன்னு அறிவிச்சாங்க. வங்கியில போய்க் கேளுங்க. தோப்புப் பத்திரத்தை மட்டும் எடுத்துக்கிட்டுப் போகாதீங்க.

வரி பத்தி ரெண்டு வார்த்தை. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை, ஆனா இந்த வாடகை விவசாய வருமானம் ஆகாது. தோப்புக்குள்ள இருக்குங்கிறதால மாறிடாது. தனியா எழுதி வைங்க. வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ள இருக்கிற சின்ன ஆளு ஜிஎஸ்டி பதிவு பண்ண வேண்டியதில்லை. சமைச்சுக் கொடுத்தா உணவுப் பாதுகாப்புத் துறையில சிறு வியாபாரப் பதிவு, வருஷத்துக்கு 100 ரூபாய்தான். வர்றவங்க எல்லார்கிட்டயும் அடையாள அட்டை நகல் வாங்கணும். வெளிநாட்டுக்காரர் தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள இணையத்துல தகவல் கொடுத்தாகணும்.

காட்டோரத் தோழர்கள் கொஞ்சம் கவனிங்க. சீகூர் யானை வழித்தடத்துல ரிசார்ட் கட்டினவங்க வருஷக்கணக்கா வழக்கு நடத்தினாங்க. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2020 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் உறுதி பண்ணிடுச்சு. போட்ட காசு போச்சு. 2021 ஜனவரியில வயநாட்டு மேப்பாடியில கூடாரத்துல தங்கின ஒரு இளம்பெண்ணை யானை மிதிச்சுக் கொன்னுடுச்சு. யானை வர்ற வழின்னு உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல, கூகுள் வரைபடத்துல ஒண்ணும் காட்டலைங்கிறதுக்காக வீட்டை வைக்காதீங்க. ராத்திரி நெருப்பு மூட்டி, ஸ்பீக்கர் போடுற விருந்தாளி நமக்கு வேண்டாம். 2024 மே மாசத்துல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் போட்டிருக்காங்களே, எதுக்கு? மலை தாங்கலை, அதான். அந்தக் கூட்டத்தை அப்படியே ஆனைமலை அடிவாரத்துல இறக்கிவிட்டா இதுவும் தாங்காது.

இன்னொண்ணு. சிலருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்லணும். அறை கேட்டுப் போன் பண்றவர்கிட்ட "நீங்க என்ன ஆளுங்க?"ன்னு கேக்குற பழக்கம் நம்ம பக்கம் இருக்குது. விடுதிக்குள்ள வர்றவரை ஜாதி மதம் பார்த்துத் தடுக்கக் கூடாதுன்னு அரசியல் சட்டத்தோட 15-வது பிரிவே சொல்லுது. காசு வாங்கி அறை கொடுக்க ஆரம்பிச்சா அந்தக் கேள்விக்கு வாயைத் திறக்கக் கூடாது. துவைக்க வர்ற அக்காவுக்குக் கொடுக்கிற டம்ளரும் அதே டம்ளராத்தான் இருக்கணும்.

அரசாங்கத்துக்கிட்ட நாம கேக்குறது பெருசா ஒண்ணும் இல்லீங்க. 2,500 சதுர அடி மனைக்குள்ள குடியிருப்பு கட்டுறவருக்கு 2024-ல் சுயசான்று முறையைக் கொண்டு வந்தீங்க, வரவேற்கிறோம். தன் தோட்டத்துலயே குடியிருக்கிற விவசாயி ஒண்ணு ரெண்டு அறை விட்டா அவருக்கும் அதே மாதிரி ஒரே மனு, ஒரே அலுவலகம்னு பண்ணிக் கொடுங்க. மின்கட்டணத்தை வீட்டுக் கணக்குல வைங்க. மகாராஷ்டிரா 2020-லயே வேளாண் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கை போட்டுடுச்சு. வாளையாறைத் தாண்டினா கேரளாவுல 2017-ல் இருந்து பொறுப்புச் சுற்றுலாவுக்குன்னு தனி இயக்கமே நடக்குது. அதே நேரத்துல, விவசாயி பேரை முன்னால வச்சு இருபது வீடு இறக்குறவருக்கு இந்தச் சலுகை ஒரு பைசாகூடப் போகக் கூடாது. குடியிருப்புச் சான்று கேளுங்க, அறை எண்ணிக்கையை நேர்ல வந்து எண்ணுங்க. இதை மனுவா எழுதியிருக்கோம், வெளியே மேசையில இருக்குது, படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க.

குத்தகைக் காகிதம் ஏற்கெனவே கையில வாங்கி வச்சிருக்கிறவங்க இந்தக் கூட்டத்துலயே நாலஞ்சு பேர் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால, வர்ற ஞாயித்துக்கிழமை காலையில ஒன்றிய அலுவலகத்துக்கு வாங்க. நம்ம வழக்கறிஞர் அணித் தோழர்கள் இருப்பாங்க, ஒவ்வொரு வரியாப் படிச்சுச் சொல்லுவாங்க, காசு வேண்டாம். சிட்டா, அடங்கல் நகலை மறக்காம எடுத்துக்கிட்டு, வீட்டு அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க.