மிஸ்ஸி என்ன செய்வார், எதுவரை செய்யலாம்?

(தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில், ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் பேசியதன் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமையில் உங்களுக்கு எத்தனை வேலை கிடக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். உடுப்புத் துவைக்க வேண்டும், விறகு கொண்டுவர வேண்டும், கடைக்கும் போகவேண்டும். அதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்க மாட்டோம்.

நாங்கள் இருவரும் தாதிகள். ஒருவர் பிரசவ வார்டில் காலம் கழித்தவர். மற்றவர் கிளினிக் கிளினிக்காக மலை ஏறி இறங்கியவர். உள்ளே வரும்போது வாசலில் நின்ற ஒரு தங்கச்சியிடம், "மிஸ்ஸி என்றால் யாரும்மா?" என்று கேட்டோம். கொஞ்சமும் யோசிக்காமல், "ஏசுறவங்க" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் அதில் உண்மை இருக்கிறது. அதைப் பிறகு பேசுவோம்.

தாதி என்றால் டொக்டர் சொன்னதைச் செய்பவர், ஊசி போடுபவர், காயம் கட்டுபவர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உலகத்தில் அந்த நினைப்பு மாறி அறுபது வருடமாகிறது. அமெரிக்காவில் கொலராடோ என்றொரு மாநிலம் உண்டு. அதுவும் மலைநாடுதான். 1965ம் ஆண்டு அங்கே லொரெட்டா ஃபோர்ட் என்ற பொதுச் சுகாதாரத் தாதியும், ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். தூரத்துக் கிராமங்களிலே பிள்ளைகளைப் பார்க்க டொக்டர் போதாது. ஆனால் அந்த வீடுகளுக்குப் போய் வருகிற தாதி இருக்கிறார். அவருக்கு மேலதிகமாகப் படிப்பித்து, பிள்ளையை முழுதாகப் பரிசோதிக்கவும், சாதாரண வருத்தமா பெரிய வருத்தமா என்று தீர்மானிக்கவும் பழக்கினால் என்ன என்று யோசித்தார்கள். டொக்டர்மாரில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். தாதிமாரிலும் சிலர் எதிர்த்தார்கள் என்பதுதான் வேடிக்கை. ஆனாலும் அந்தப் பயிற்சி நிலைத்தது, நாடு நாடாகப் பரவியது. அந்த அம்மையார் 104 வயது வரை வாழ்ந்து, 2025ம் ஆண்டு காலமானார்.

இப்படிப்பட்டவரை நாங்கள் உயர் பயிற்சித் தாதி என்று சொல்வோம். சர்வதேசத் தாதியர் பேரவை 2002ம் ஆண்டு இவர் யாரென்று வரையறுத்தது. 2020ம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில், முதுமாணிப் பட்டம் வரை படித்திருக்க வேண்டும் என்று சொன்னது. இங்கிலாந்தில் இதற்கென்று தனியாகப் பயிற்சி எடுத்த தாதி, தன் அறிவுக்கு உட்பட்ட ஏறக்குறைய எந்த மருந்தையும் தானே எழுதிக் கொடுக்கலாம் என்று 2006ம் ஆண்டு இடம் கொடுத்தார்கள்.

"அது அமெரிக்கா, இங்கிலாந்து. நம்ம தோட்டத்துக்கு என்ன?" என்று பின்னால் இருக்கும் ஐயா கேட்பது எங்களுக்குக் கேட்கிறது. அந்தப் பெயரில் ஒருவரை நீங்கள் இந்த மலையில் காணமாட்டீர்கள்தான். ஆனால் அந்த எண்ணம் எங்கள் நாட்டுக்குப் புதிதல்ல. 1926ம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து, டொக்டர் போகாத வீட்டுக்கு மருத்துவச்சி போயிருக்கிறார். இன்று பிரசவம் ஏறக்குறைய எல்லாமே ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. ஆனாலும் நீங்கள் முழுகாமல் இருக்கிறீர்கள் என்று முதலில் கொப்பியில் பதிவது யார்? பிள்ளை பிறந்த பிறகு லயத்துக்கு ஏறி வந்து, தொப்புளைப் பார்ப்பது யார்? பக்கத்தில் டொக்டர் இல்லாத நேரத்தில், இது பயமா, பயமில்லையா என்று அவர்தான் முடிவெடுக்கிறார். மருத்துவச்சி வேறு, தாதி வேறு. படிப்பும் வேறு. ஆனால் தனியே நின்று முடிவெடுக்கும் பாரம் ஒன்றுதான்.

தாதிமாரும் இன்று நன்றாகப் படிக்கிறார்கள். மூன்று வருடப் பயிற்சியோடு நிற்காமல், பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் எடுக்கிறார்கள். 1988ம் ஆண்டின் 19ம் இலக்கச் சட்டப்படி அமைந்த தாதியர் பேரவையில் பதிந்தவர்தான் தாதியாக வேலை செய்யலாம். பதிவு எதற்கு? பிழை செய்தால் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக.

இனி, நாங்கள் சொல்லத் தயங்குகிற ஒரு கதை. இருபது வருடத்துக்கு மேலாகிறது. எங்களில் ஒருவர் வேலை செய்த இடத்துக்கு ஒரு தாய் வந்தார். மூன்றாவது பிள்ளை, எட்டாம் மாதம். காலையிலிருந்து தலையிடி. அதோடு மலைக்குப் போய், கொழுந்து நிறுத்துவிட்டுத்தான் இறங்கி வந்திருக்கிறார். அரைப்பேர் போட்டுவிடுவார்களே என்ற பயம். பிரஷர் பார்த்தோம். 160க்கு 100. முகம் வீங்கியிருந்தது. அது என்னவென்று எங்களுக்குத் தெரியும். ஆனால் டொக்டர் அன்று வேறு இடத்துக்குப் போயிருந்தார். அவருடைய கையெழுத்து இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடாது என்பது அந்த இடத்துப் பழக்கம். "படுங்கள், டொக்டர் வரட்டும்" என்றோம். அவர் கொஞ்ச நேரம் படுத்தார். பிறகு, "புள்ளைங்க ரெண்டும் தனியா இருக்குங்க மிஸ்ஸி, நாளைக்கு வாறேன்" என்று எழுந்து போனார். நாங்கள் மறிக்கவில்லை.

இராத்திரி வலிப்பு வந்தது. கம்பளியில் போட்டு ரோட்டுக்குத் தூக்கி வந்து, ஒரு லொறியில் ஏற்றிப் போயிருக்கிறார்கள். தாய் பிழைத்தார். பிள்ளை இல்லை. பிறகு விசாரித்து எழுதிய பேப்பரில் யாருடைய பிழையும் இல்லை என்று இருந்தது. அந்தப் பேப்பரை நாங்கள் இன்றுவரை நம்பவில்லை. தெரிந்திருந்தும் செய்ய அதிகாரம் இல்லை என்பது உண்மை. ஆனால் வாசலில் போய் நின்று, "போகாதீங்க அக்கா, இது உங்கள் உயிர்" என்று சொல்ல எந்த அதிகாரமும் தேவையில்லையே?

அப்படியான இடத்தில் உயர் பயிற்சித் தாதி இருந்தால் காத்திருக்கத் தேவையில்லை. பிரஷரைக் குறைக்க மருந்து கொடுப்பார். வலிப்பு வராமல் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் ஊசியைத் தொடங்குவார். தானே பேசி, தானே அனுப்புவார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஊசி மருந்து கூடிப்போனால் மூச்சே நின்றுவிடலாம். அதனால் மூச்சை எண்ண வேண்டும், முழங்காலில் தட்டிப் பார்க்க வேண்டும், சிறுநீர் எவ்வளவு போகிறது என்று அளக்க வேண்டும். யார் தொடங்கினாரோ அவருக்கு அன்று தூக்கமில்லை. அதிகாரம் கேட்கிற தாதிமார் இந்தப் பாதியையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, நேரத்தோடு மேலிடத்துக்கு அனுப்புவதும் அந்த வேலையில் பெரிய பகுதி.

சரி, ஏசுகிற விஷயத்துக்கு வருவோம். எங்களில் பலர் ஏசுகிறோம். வேலை கூட, ஆள் குறைவு என்று நாங்கள் காரணம் சொல்வோம். அது காரணம்தான், நியாயம் அல்ல. பாஷைப் பிரச்சினையும் இருக்கிறது. சிங்களம் மட்டும் தெரிந்த மிஸ்ஸி கேட்கிறார், தமிழ் மட்டும் தெரிந்த அக்கா தலையை ஆட்டுகிறார். விளங்கிவிட்டது என்று அவர் எழுதுகிறார். விளங்காவிட்டால் தலையை ஆட்டாதீர்கள். "தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை, குறும்பு அல்ல.

தாதி ஏசாமல் உட்கார்ந்து பேசினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். இரும்புச் சத்து மாத்திரை எல்லாத் தாய்மாருக்கும் கிடைக்கிறது. "மாத்திரை போட்டும் இரத்தம் கூடலையே" என்று கிளினிக்கில் ஏச்சு விழும். ஒரு தாயிடம் பொறுமையாகக் கேட்டோம், எதோடு குடிக்கிறீர்கள் என்று. "சாயத்தண்ணியோடதான்" என்றார். காரியம் அங்கேதான் கெட்டது. தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. தேயிலைக்கு நாங்கள் விரோதி இல்லை, அதில்தானே எல்லோரும் சாப்பிடுகிறோம். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணித்தியாலம் தேத்தண்ணியைத் தள்ளி வையுங்கள். வெறும் தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய் பிழிந்து குடியுங்கள். கல்சியம் மாத்திரையையும் அதே நேரத்தில் போடாதீர்கள்.

ஆண்களுக்கும் ஒரு சொல். ஊசி போட்டால்தான் வைத்தியம் என்ற நினைப்பை விடுங்கள். சீனி வருத்தம் உள்ளவரின் காலை மிஸ்ஸி தொட்டுப் பார்த்து, விரலிடுக்கைப் பார்த்து, செருப்பைப் பற்றிக் கேட்டால், அவர் வெட்டிப்பேச்சுப் பேசவில்லை. மரத்துப்போன காலில் அட்டை கடித்தாலும் தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. கால் போகாமல் காப்பாற்றுகிற வேலை அது. 35 வயது தாண்டியவர்கள் அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையத்தில் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்க்கலாம்.

மாசமாக இருப்பவருக்கு நிற்காத தலையிடி, கண்ணில் பூச்சி பறப்பது, வலப்பக்க விலாவுக்குக் கீழே நோவு, முகமும் கையும் வீங்குவது, இதில் எது வந்தாலும் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016ம் ஆண்டு தொடங்கிய சேவை அது. லயத்துக்கு விலாசம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே தோட்டத்தின் பெயர், டிவிசன், ஸ்டோருக்கு எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என்று ஒரு கடதாசியில் எழுதி, இன்றைக்கே கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். அந்தரத்தில் யாருக்கும் வாய் வராது. பாதை இருக்கும் இடத்துக்கு ஒருவர் டோர்ச் லைட்டோடு இறங்கி நிற்கட்டும்.

பிரஷர் பார்க்கும் கருவி இரண்டு கொண்டு வந்திருக்கிறோம். கிளினிக் கொப்பி உள்ளவர்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மாசமாக இருப்பவர்கள் வாருங்கள். தலைவர் ஐயா, நீங்கள் கடைசி.