கைவேலைக்கும் கூலி உண்டு

(பொன்விழாவையொட்டி நம் சங்கத்தின் மகளிர் பிரிவு நடத்திய கைத்தொழில் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரங்கின் பின்பக்கம் போட்டிருக்கும் மேசைகளை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தெலெகோங், தொழுகை விரிப்பு வைக்கும் பை, குரோஷா தொப்பி, பிள்ளைகளுக்கான ஜுப்பா, மணமக்கள் பெயரைப் பூத்தையலில் போட்ட தலையணை உறை. எல்லாம் நம் தையல் வகுப்புச் சகோதரிகள் கையால் செய்தவை. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் தொட்டுப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் மகளிர் பிரிவுக்குத் தரப்பட்ட தலைப்பு, கையால் செய்கிறவர் அதில் நாலு காசு பார்க்க என்ன பழக்கங்கள் வேண்டும் என்பது. ஆகவே பூத்தையலின் அழகை விட்டுவிட்டுக் கணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். வானொலிப் பெட்டியை நிறுத்துவதுபோல எங்களை நிறுத்திவிடாதீர்கள்.

கைத்தொழில் நமக்குப் புதிதல்ல. நம்மில் பலருடைய பூர்வீகமான கடையநல்லூர், கைத்தறி ஊர். அங்கிருந்து சிங்கப்பூருக்கு வந்த குடும்பங்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வாழ்ந்த காலத்தில் நம் பெண்கள் மசாலா இடித்தும் அரைத்தும் விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். அதே திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் இன்றும் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பாய் நெய்கின்றன. ஆற்றோரக் கோரையை ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, இழை இழையாகக் கிழித்து, பருத்தி நூலையோ பட்டு நூலையோ பாவாக வைத்து நெய்கிற பாய் அது. மடித்தால் பட்டுச்சேலைபோல மடியும். மணமக்களின் பெயரையே நெய்து கல்யாணப் பாய் கொடுப்பார்கள். புவிசார் குறியீடு பெற்ற பொருள். மிக மெல்லிய பாய் ஒன்றை நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

அந்த வாரங்களின் கூலி பாயின் விலையில் ஏறுகிறதா? ஏறாவிட்டால், தாய் எவ்வளவு பெரிய கைகாரியாக இருந்தாலும் மகள் தறியில் உட்காரமாட்டாள், கடையில் பில் போடும் வேலைக்குப் போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. ரசனை போய்விட்டதால் கைத்தொழில் அழிகிறது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். எங்கள் அனுபவத்தில், செய்கிறவருடைய நேரம் விலையில் சேராததால்தான் அது அழிகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வகுப்பில் நாங்கள் எல்லாருக்கும் முதல் நாளே போட்டுக் காட்டும் கணக்கு இது. ஒரு தெலெகோங் தைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி 5 மீட்டர், மீட்டர் 5 வெள்ளி என்றால் 25 வெள்ளி. லேஸ் 6. எலாஸ்டிக்கும் நூலும் 1. போட்டுக் கொடுக்கும் பை 2. அரபு ஸ்திரீட்டுக்குப் போய்வந்த பேருந்துக் காசு, மின்சாரம், ஊசி, மிஷின் பழுதுபார்க்கும் செலவு என்று ஒரு பங்கு 3. ஆக 37 வெள்ளி. இதை 50 வெள்ளிக்கு விற்கிறோம். கையில் 13 வெள்ளி நிற்கிறது. பெரும்பாலோர் இங்கே பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். "பரவாயில்லை ராத்தா, வீட்டில் சும்மா இருக்கிற நேரத்துக்கு 13 வெள்ளி" என்பார்கள்.

சும்மா இருந்த நேரம் எவ்வளவு? வெட்ட 40 நிமிடம். மிஷினில் தைக்க 2 மணி நேரம். லேஸைக் கையால் வைத்துத் தைக்க இன்னொரு 2 மணி நேரம். இஸ்திரி போட்டு மடிக்க 20 நிமிடம். வாட்ஸ்அப்பில் "இந்த நிறம் இருக்கா, கொஞ்சம் வெளிர் நிறத்தில் இருக்கா" என்ற பேச்சுக்கு அரை மணி. உட்லண்ட்ஸ் எம்ஆர்டி நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்து வர ஒன்றரை மணி. மொத்தம் 7 மணி நேரம். 13 வெள்ளியை 7 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 1 வெள்ளி 85 காசு. கண்ணும் இடுப்பும் தேய்கிற வேலைக்கு இரண்டு வெள்ளிகூட இல்லை. வகுப்பில் இந்த எண்ணைப் பலகையில் எழுதியதும் சிறிது நேரம் யாரும் பேசமாட்டார்கள்.

ஆகவே எல்லாவற்றுக்கும் முந்திய பழக்கம், மிஷின் பக்கத்தில் ஒரு நோட்டுப்புத்தகம். உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் இரண்டையும் எழுத வேண்டும். குக்கர் விசில் அடித்தது, பிள்ளை அழுதது, தொழுகைக்கு எழுந்தது எல்லாவற்றையும் கழித்துத்தான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு பொய் சொல்லும். பத்து உருப்படிக்கு எழுதிவிட்டால் போதும், எந்த வேலை நேரத்தைத் தின்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது தையலாக இருப்பதில்லை. மேலே சொன்ன கணக்கிலேயே பாருங்கள், எம்ஆர்டிக்கு அலைந்த நேரமும் வாட்ஸ்அப் நேரமும் சேர்ந்து 2 மணி நேரம். வாங்குகிறவர் சனிக்கிழமை தையல் வகுப்புக்கு வந்து எடுத்துக்கொள்ளட்டும், வீட்டுக்கே வேண்டுமென்றால் அஞ்சல் செலவைத் தரட்டும் என்று வைத்தால் அலைச்சல் போயிற்று. ஆறு நிறத் துணியின் படத்தை ஒரே தடவையாக எடுத்து, விலையையும் எழுதி வைத்துவிட்டால் பேச்சும் பாதியாகும். ஒவ்வொன்றாக வெட்டாமல் ஆறு துணியை அடுக்கி ஒன்றாக வெட்டலாம், ஒரே நிற நூல் போட வேண்டியவற்றை ஒரே நாளில் தைக்கலாம். இப்படிச் செய்தவர்கள் 7 மணி நேரத்தை நாலரையாகக் குறைத்திருக்கிறார்கள். மணிக்கு 8 வெள்ளி நம் கூலி என்று வைத்தால் 36. அதோடு அந்த 37-ஐச் சேர்த்தால் 73 வெள்ளி.

உடனே கேள்வி வரும். கேலாங் சிராய் பசாரில் அதைவிட எவ்வளவோ மலிவாக அடுக்கி வைத்திருக்கிறார்களே, 73 வெள்ளிக்கு யார் வாங்குவார்கள்? நியாயமான கேள்வி. எல்லாரும் வாங்கமாட்டார்கள். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் தைத்து வருவதோடு விலையில் மல்லுக்கட்ட ஒரு தையல் மிஷினால் முடியாது. முயன்றால் மறுபடியும் 1 வெள்ளி 85 காசுக்கே வந்து சேருவோம். ஆயத்த உடையில் கிடைக்காதது எது என்று பார்க்க வேண்டும். நல்ல உயரமான பெண்ணுக்குக் கணுக்கால் மறைகிற நீளம் கிடைப்பதில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்குக் கழுத்து அளவு சரியாக இருப்பதில்லை. உம்ராவுக்குப் போகிற பெரியம்மா பாஸ்போர்ட் வைக்க உள்பை வைத்த தெலெகோங் கேட்கிறார். மணப்பெண்ணுக்குப் பெயர் தைத்த ஜோடி வேண்டும். இவர்கள்தாம் நம் வாடிக்கையாளர்கள். எங்கள் வகுப்பில் ஒரு சகோதரி பதினாறு விதமான பொருள் செய்துகொண்டிருந்தார். நோட்டில் எழுதிப் பார்த்த பிறகு பதிமூன்றை நிறுத்திவிட்டு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அவருக்கு ஆசையான குரோஷா பொம்மையும் அந்தப் பதிமூன்றில் போய்விட்டது. இப்போது அதைப் பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் பின்னுகிறார், இன்னும் சந்தோஷமாகவே பின்னுகிறார்.

இனி, சங்கடமான இடத்துக்கு வருகிறோம். நம்மிடம் முதலில் வாங்குகிறவர்கள் சொந்தக்காரர்கள். சாச்சி கேட்டால் காசு வாங்குவதா, மாமி மகள் கல்யாணத்துக்குப் பில் நீட்டுவதா என்று கூசுகிறோம். வாங்குகிறவரும் "நம்ம பிள்ளைதானே, துணிக்காசு மட்டும் எடுத்துக்கோ" என்பார், மனத்தில் கெட்ட எண்ணம் இல்லாமல்தான். அவரே அரிசிக் கடை வைத்திருந்தால் நமக்கு மூட்டையை இனாமாகத் தரமாட்டார், நாமும் கேட்கமாட்டோம். தையலுக்கு மட்டும் ஏன் இந்த வழக்கம்? வீட்டில் பெண் செய்கிற வேலைக்கு விலை கிடையாது என்று எல்லாரும், நாமும் சேர்த்து, நினைத்துப் பழகிவிட்டோம். அன்னை கதீஜா நாயகி பெரும் வணிகர் என்று மீலாது மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமை சாச்சியிடம் பில் கொடுக்கும்போது எங்கே போய்விடுகிறதோ தெரியவில்லை.

இதற்கு எங்கள் வகுப்பில் கண்டுகொண்ட வழி ஒன்று உண்டு. பில்லில் முழு விலையையும் எழுதுங்கள். 73 வெள்ளி. அதன் கீழே "அன்பளிப்பு 20 வெள்ளி" என்று எழுதிக் கழித்து, 53 என்று போடுங்கள். கொடுக்க மனமிருந்தால் முழுவதையுமே அன்பளிப்பாக எழுதுங்கள், தடையில்லை. ஆனால் கொடுத்தது எவ்வளவு என்று கொடுத்தவருக்கும் தெரிய வேண்டும், வாங்கியவருக்கும் தெரிய வேண்டும். இப்படி எழுத ஆரம்பித்த ஒரு சகோதரிக்கு அவருடைய மச்சி அந்த 20 வெள்ளியையும் சேர்த்தே பேநவ்வில் அனுப்பிவிட்டார். "இவ்வளவு வேலை என்று தெரியாதே" என்றாராம்.

கடனும் அப்படியே. குர்ஆனின் ஆக நீளமான வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது. நமக்கு அது தெரியும், ஓதவும் செய்கிறோம். ஆனால் "அடுத்த மாதம் தருகிறேன்" என்றவரின் பெயரை எழுத மட்டும் தயங்குகிறோம். துணி வாங்கும் முன் பாதிப் பணம், பொருளைக் கொடுக்கும்போது மீதி. அளவெடுத்துத் தைத்ததை வேறொருவருக்கு விற்க முடியாது, ஆகவே முன்பணம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பொருளில் குறை இருந்தால் நாமே முன்வந்து சொல்லிவிட வேண்டும். தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்து வைத்த வியாபாரியைக் கண்டித்த நபிமொழியை நாம் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறோம். இந்தப் பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும், இந்தச் சிவப்பு சாயம் விடும், இந்த இடத்தில் நூல் மாறியிருக்கிறது என்று சொல்லிக் கொடுத்த பொருளுக்குப் புகார் வருவதில்லை. அனுப்பும் முன் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைப்பதும் நல்லது.

பெருநாள் நெருக்கடி பற்றி ஒரு வார்த்தை. நோன்புப் பெருநாளுக்கு வரும் வேலைதான் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு. முடியாது என்று சொல்லத் தெரியாமல் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, கடைசிப் பத்து இரவுகளை இபாதத்தில் கழிக்காமல் மிஷினில் கழித்தவர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறார்கள். ஷஃபான் பிறை 15-க்குப் பிறகு புதிய வேலை எடுப்பதில்லை என்று வகுப்பில் ஒரு வரம்பு வைத்திருக்கிறோம். நம் பிறைக் கணக்கில் நோன்பு ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னுக்கு வருகிறது, ஆகவே போன வருட நாட்காட்டியை நம்ப முடியாது. 2026-இல் சீனப் புத்தாண்டும் நோன்பின் தொடக்கமும் ஒரே வாரத்தில் வந்தன. 2027-லும் கிட்டத்தட்ட அப்படித்தான் வரும். பீப்பள்ஸ் பார்க் துணிக்கடைகளில் வாங்குகிறவர்கள், கடை அடைப்பதற்கு முன்பே துணியை எடுத்து வைத்துவிட வேண்டும்.

சட்ட விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வீவக வீட்டில் சிறிய அளவில் தைத்து விற்கத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் அந்த வீட்டில் குடியிருக்காதவரை வேலைக்கு வைக்கக்கூடாது, வெளியே விளம்பரப் பலகை மாட்டக்கூடாது, அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு இருக்கக்கூடாது. அடையாள அட்டையில் உள்ள சொந்த முழுப் பெயரில் தனியாகத் தொழில் செய்தால் அக்ராவில் பதிய வேண்டியதில்லை, கடைப்பெயர் வைத்தால் பதிய வேண்டும். செலவு போக ஆண்டு வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கட்ட வேண்டும். ரசீதுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதற்காகவாவது தொழில் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒரே மைலோ டின்னில் போடாதீர்கள். தனி வங்கிக் கணக்கு ஒன்று திறந்து, வருவதை அதில் போட்டு, மாதம் ஒருமுறை உங்கள் கூலியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே அமர்ந்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொன்விழாவை முன்னிட்டு, வரும் நிகழ்ச்சிகளுக்கான அன்பளிப்புப் பைகளை நம் சகோதரிகளிடமே தைக்கச் சொல்லலாம் என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. ஜஸாக்கல்லாஹ் கைரன். விலைப்பட்டியலை மகளிர் பிரிவு அடுத்த கூட்டத்தில் கொடுக்கும். அதில் கூலி தனி வரியாக எழுதப்பட்டிருக்கும், அந்த வரியில் பேரம் பேசாமல் இருந்தால் போதும்.

வகுப்பில் சேர விரும்புகிறவர்கள் வாசலில் உள்ள மேசையில் பெயர் கொடுக்கலாம். சனிக்கிழமை மாலை 3 மணிக்குத் தொடங்கும். மிஷின் சங்கத்தில் இருக்கிறது, நோட்டுப்புத்தகமும் பென்சிலும் மட்டும் கொண்டு வாருங்கள்.